பதினோராம் பக்கம் வரை அவள்

மார்த்தாண்டத்தில் வண்டி ஏறியபோது
அவளுக்குப் பெயர் இல்லை.
மூன்றாவது சீட், ஜன்னலோரம்,
மடியில் தூக்குவாளி,
விரல் நுனிகளில் அண்டியாபீஸ் கறை.
சில்லறையை எண்ணாமலே சரியாகக் கொடுத்தாள்.
இதற்கெல்லாம் பெயர் எதற்கு என்று
நான் எழுதிக்கொண்டே போனேன்.

முதல் வரைவில் வைத்திருந்தேன்.
முதல் வரியிலேயே, முழுப் பெயர், இனிஷியலோடு,
பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி.
வாசித்துவிட்டு டென்சிங் கேட்டான்:
"இவ எந்தக் கோயிலு? சிஎஸ்ஐயா, ஆர்சியா?"
கறையைப் பார்க்கவில்லை. சில்லறையைப் பார்க்கவில்லை.
எங்கள் பக்கத்தில் பெயர் என்பது
பாதி விலாசம்.
சொன்ன மாத்திரத்தில் வாசகர்
தெருவுக்குள் நுழைந்து, குருசடியைக் கடந்து,
கல்லறைத் தோட்டம் வரை போய்த் திரும்பிவிடுகிறார்.
அவள் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறாள்.

அடித்தேன்.
'அவள்' என்று எழுதினேன்.
பத்துப் பக்கம் நன்றாகத்தான் ஓடியது.
மழை வந்தது, ஷட்டரை இறக்கினாள்,
யாரோ ஏற்றிய ரப்பர் ஷீட்டின் வாடைக்கு
மூக்கைப் பொத்தவில்லை.
ஓரிடத்தில் 'அந்தப் பெண்' என்று எழுதி
எனக்கே கூச்சமாகி வெட்டினேன்.
மூன்று மழைக்காலமாகத் தெரிந்தவளை
போலீஸ்காரன் மாதிரி யார் அப்படிச் சொல்வது?

பதினோராம் பக்கத்தில்
இன்னொருத்தி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
வந்தது வினை.
அவள் அவளிடம் அவள் குடையைத் தள்ளி வைக்கச் சொன்னாள்.
யார் குடை? யார் சொன்னது?
ஒரே வாக்கியத்துக்குள் மூன்று அவள்கள்
முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

நானே சொல்லிவிடலாம்.
கதை எழுதுகிறவனுக்கு அதிகாரம் உண்டு,
ரேஷன் கடைக்காரருக்கு இருப்பது மாதிரி.
ஆனால் இலக்கணத்தில்
எழுவாய் முதலாவது, விளி எட்டாவது, கடைசி;
எனக்கு அது தலைகீழாக வேண்டும்.
யாராவது ஒருவரின் தொண்டையில்
முதலில் அது முட்ட வேண்டும்.
காத்திருந்தேன்.

கருங்கல்லுக்கு ஒரு நிறுத்தம் முன்னால்
இறங்கினாள். வாளி சீட்டில்.
வண்டி நகர்ந்துவிட்டது.
"எக்கா! எக்கோ! வாளி!"
ஜன்னல் வழியே மற்றவள் கத்த
நிறுத்தத்தில் நின்ற ஆறு அக்காக்களும் திரும்பினார்கள்,
அவளைத் தவிர.
ஒன்பது வருடமாக அவளுக்கு டிக்கெட் கிழித்த கண்டக்டர்
விசிலை வாயிலிருந்து எடுத்தார்,
என்னவென்று கூப்பிட?
வாளியைத் தூக்கி மூடியைச் சாய்த்துப் பார்த்தார்.
புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது:
தே. ரெத்தினபாய், 11-9-88.
"ரெத்தினபாயி! ஏ ரெத்தினபாயி!"

திரும்பவில்லை.
குடையை விரித்து நடந்துகொண்டிருந்தாள்.

பிறகு மற்றவள்தான் வண்டியை நிறுத்தச் சொல்லி
இறங்கி ஓடினாள், சேற்றில், வாளியோடு.
டபுள் விசில். நாங்கள் எல்லோரும் போய்விட்டோம்,
கண்டக்டர், டென்சிங், நான்.
ரோட்டில் இரண்டு பேர்.

"எத்தன விளி விளிச்சோம், கேக்கலியா?"
"யாரையோல்லா விளிச்சுது.
இதுல உள்ளது எங்க நாத்தூன். வீடு பாலுகாச்சுக்குத் தந்தது."
முந்தானையால் மூடியைத் துடைத்தாள்.
"நான் கனகபாய்."

பதினான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி.
டென்சிங் மறுபடி கேட்பான், எந்தக் கோயில் என்று.
கேட்கட்டும்.
இனி கறையையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இன்னொருத்திக்கு இன்னும் வைக்கவில்லை.
அவசரமில்லை.
அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது,
மழையும் விட்டபாடில்லை.